தைக்கு அப்புறம்

மேனாம்பேடு
8.6.2025

அன்புள்ள பானு அக்காவுக்கு,

நானும் என் காது மெஷினும் நலம். நீயும் உன் மெஷினும் நலமா? ஓசூர் குளிரில் காது வலிக்கிறதா?

கடிதம் என்றதும் சிரிப்பாய். வேறு வழியில்லை. வீட்டில் உருப்படியான ஃபோன் அம்மாவுடையது ஒன்றுதான். அதில் உனக்கு எது அனுப்பினாலும் தம்பி ராகேஷ் சத்தமாகப் படித்துக் காட்டுகிறான், அம்மா கேட்கிறாள். நீயோ எதைக் கேட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். பேசலாம் என்றால் ஃபோனில் நம் இருவருக்கும் வருவது காக்கா சத்தம். அதனால் பேப்பர். கவர் என்றாலே கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து அம்மா தொடமாட்டாள். கவலைப்படாதே.

எனக்கு சீட் கிடைத்துவிட்டது. நூம்பல் தாண்டி ஒரு தனியார் கல்லூரி, பி.காம். வரும் மாதம் வகுப்பு. பள்ளியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். முதல் பெஞ்ச் என்னுடையது. ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு இருந்தது. இங்கே எவருக்கும் எதுவும் தெரியாது. சேர்க்கை விண்ணப்பத்தில் 'மாற்றுத்திறனாளியா?' என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போடுவதற்குள் அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாத்துக்குடி ஊருக்கெல்லாம் தண்டோரா போடுற? முடிய இறக்கி வுட்டா எவனுக்குத் தெரியும்?" அப்பா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவள் நீ ஒருத்திதான். இரண்டு வருடம் போனாய். அங்கே யாரிடம் என்ன கேட்டாய்? கொடுத்தார்களா? ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. உனக்குப் படிப்பு ஏறவில்லை என்று உன்னைப் பெற்ற பெரியம்மாவே சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். எப்படிச் சமாளித்தாய் என்று மட்டும் சொல்.

பதில் வேண்டும். கட்டைவிரல் செல்லாது.

இப்படிக்கு,
அகல்யா


ஓசூர்
19.6.2025

அன்புத் தங்கச்சி அகல்யாவுக்கு,

நலம். மெஷின் பாதி நலம். குளிரில் குழாய்க்குள் ஈரம் கட்டிக்கொள்கிறது, அரிசி டப்பாவில் போட்டு எடுக்கிறேன். சித்தி, சித்தப்பா, ராகேஷ் சுகமா? சித்தப்பாவின் முதுகுவலி?

ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன். ஆஸ்டலில் எட்டுப் பேருக்கு ஒரு ரூம். எல்லாரும் ஃபோனில் கத்துகிறார்களாம். எனக்குத் தொந்தரவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

நேராகச் சொல்கிறேன்: நான் எதையும் கேட்கவில்லை. என் கதை வேறு, அதை விடு. நீ கேள்.

வாயால் கேட்காதே. வாயால் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். எழுதிக் கொடு, நகலில் சீல் வாங்கு. 'எனக்குக் காது கேட்காது, உதவுங்கள்' என்று எழுதினால் உச்சுக்கொட்டி அனுப்பிவிடுவார்கள். என்ன வேண்டும் என்று முதலில் நீ முடிவு செய். போர்டைப் பார்த்துக்கொண்டே பேசாமல் திரும்பிப் பேசச் சொல். பாடக் குறிப்பைத் தாளில் கேள். மீசை உதட்டை மூடிய வாத்தியார் வந்தால் அதற்கு மனு கிடையாது, அது விதி.

லேங்குவேஜ் லேப் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஹெட்ஃபோன் மாட்டி, ஓடுகிற இங்கிலீஷைக் கேட்டு, கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு. நம்மைப் போன்றவர்கள் விழுகிற இடம் அதுதான். ஒலிக்குப் பதில் அந்தப் பகுதியை அச்சடித்த தாளாகக் கொடுங்கள் என்று ஆரம்பத்திலேயே எழுது.

'சலுகை' என்ற சொல்லை மட்டும் எழுதாதே. நடக்க முடியாதவனுக்கு லிஃப்ட் சலுகை என்றால், படி யாருக்குக் கொடுத்த சலுகை?

அன்புடன்,
பானு அக்கா


மேனாம்பேடு
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பா முதுகுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார். உன் குழாய் ஈரம் போனதா?

கல்லூரி தொடங்கிவிட்டது. ஷேர் ஆட்டோ, பஸ், அப்புறம் நடை. வகுப்புக்குப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. மீதியை உதடு பார்ப்பதில் செலவழிக்கிறேன். கணக்குப்பதிவியல் சார் போர்டோடு குடித்தனம் நடத்துகிறார், முகத்தையே காட்டுவதில்லை. பொருளாதார மேடம் நடந்துகொண்டே பேசுகிறார். நானும் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், டேபிள் ஃபேன் மாதிரி. சாயந்திரம் கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது. வீட்டுக்கு வந்து யார் என்ன பேசினாலும் எரிச்சல். "காலேஜுக்குப் போனதும் திமிரப் பாரு" என்கிறாள் அம்மா.

மனு கொடுத்துவிட்டேன். எல்லாம் இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டுமாம். 'சலுகை' எழுதக் கூடாது என்றாயே, நெட்டில் தேடினேன். வெளிநாட்டுக் கல்லூரிகளில் நாம் கேட்கிற இந்த ஏற்பாடுகளுக்கு 'அக்காமடேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகாக இருந்தது. யாரும் யாருக்கும் பிச்சை போடாத மாதிரி ஒரு சொல். பொருள் என்ற இடத்தில் அதையே எழுதினேன். கீழே நீ சொன்னதையெல்லாம் எழுதினேன்.

ஆபீஸில் ஹேமநாதன் என்று ஒருவர். மேலே ஒரு வரி படித்தார். "இன்னாமா, இப்ப வந்து கேக்குற? சரி, வெச்சிட்டுப் போ." சீல் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று எனக்கே ஆச்சரியம்.

நீ எப்போது வருகிறாய்? பெரியம்மா அடிக்கடி இங்கே வந்து அம்மாவோடு குசுகுசு என்று பேசிவிட்டுப் போகிறாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." நம் இருவருக்கும் இந்த உலகம் சொன்ன வார்த்தைகளில் அதுதான் அதிகம் இல்லையா?

அன்புடன்,
அகல்யா


மேனாம்பேடு
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களா?

என் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி.

'தங்கள் இருப்பிடம் அம்பத்தூர் எல்லைக்குள் இருப்பதால் தங்களுக்கு மாணவியர் விடுதியில் இடம் அளிக்க இயலாது.'

அக்காமடேஷன் என்றால் இங்கே ஆஸ்டல் ரூம்தானாம். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஹேமநாதன் விடுதி ஆபீஸுக்குத் தள்ளிவிட்டார். அங்கே கீழே இருந்த என் விலாசத்தை மட்டும் படித்தார்கள். நடுவில் நான் காதைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தை எவனும் படிக்கவில்லை. நான் காது கேட்காதவளாம். இவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

மறுபடி போய்ச் சொன்னேன். ஹேமநாதன் சீட்டில் இல்லை. வேறொரு அம்மா இருந்தார். அரசு கொடுத்த அடையாள அட்டை நகல் வேண்டும், அப்பா கையெழுத்து வேண்டும், துறைத் தலைவருக்கு எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுத்தார். நல்ல அம்மா, முகத்தைப் பார்த்துப் பேசினார். செப்டம்பரில் முதல் லிசனிங் டெஸ்ட். நவம்பரில் இன்னொன்று. இரண்டிலும் போனால் அந்தப் பேப்பரே போச்சு, அரியர்.

மனுவை எழுதி அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். பேனாவை எடுத்தார். சமையலறையில் இருந்து அம்மா ஏதோ சொன்னாள், என் முதுகுக்குப் பின்னால். பேனாவை மூடிவிட்டார். "அப்பால பாக்கலாம்மா" என்றார்.

நீ சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது. உன் பேச்சைக் கேட்பார்.

அன்புடன்,
அகல்யா


ஓசூர்
14.8.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். வேலை அதிகம், அதுதான் தாமதம். நீ வேளைக்குச் சாப்பிடு.

ஆஸ்டல் கதையைப் படித்து ரூமில் எல்லாருக்கும் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரை ஏறிவிட்டது.

ஒன்று யோசித்தேன். இந்த செமஸ்டர் மட்டும் சமாளித்துப் பார்க்கக் கூடாதா? புது இடம், புது ஆட்கள். உன்னைக் கொஞ்சம் புரிந்துகொள்ளட்டும். அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால் காது கேட்காதவள் என்ற பெயரே நின்றுவிடும். தைக்கு அப்புறம் கொடுத்தால் என்ன? தப்பாக நினைக்காதே. சித்தப்பாவையும் தொந்தரவு செய்யாதே, அவருக்கு முதுகுவலி.

மழைக்காலம் வருகிறது, மெஷினை நனைக்காதே.

பானு


மேனாம்பேடு
24.8.2025

பானு அக்காவுக்கு,

நலம்.

அப்பாவும் "தைக்கு அப்புறம்" என்றார். அம்மாவும் "தைக்கு அப்புறம்" என்றாள். ஓசூரில் இருந்து நீயும் அதே சொல்லை எழுதியிருக்கிறாய். என் காதுக்கும் தை மாதத்துக்கும் என்ன உறவு என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கதவருகே போனதும் இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள். குரலைத் தாழ்த்தினால் எனக்கு என்ன? உதடு அங்கேயேதானே இருக்கிறது! உதட்டில் 'பானு'வும் 'மானு'வும் ஒன்றுதான். ஆனால் மானுக்கு யாரும் தையில் கல்யாணம் வைக்கமாட்டார்கள்.

மாப்பிள்ளை பெயர் தேவராஜ். நூம்பல். குடோனில் சூப்பர்வைசர். அவனுடைய சித்தப்பா எங்கள் கல்லூரி ஆபீஸில் இருக்கும் ஹேமநாதன். உனக்குக் காது கேட்காது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்காது என்று தெரிந்தால் 'ரத்தத்திலேயே இருக்கிறது போல' என்று உன்னை நோண்டுவார்கள். அதனால் என் மனு அந்த ஆளின் மேஜைக்குப் போகக் கூடாது. "நல்ல வேள, அந்த ஆளு ஆஸ்டல்னு நென்ச்சிகினான். முனீஸ்வரன்தான் காப்பாத்துச்சி" என்றாள் அம்மா. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் கேட்கவில்லை. பார்த்தேன்.

எழுதிக் கொடு, சீல் வாங்கு என்றவள் நீ. படி யாருக்குச் சலுகை என்று கேட்டவள் நீ. உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதை எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே! ஊரார்தான் நம்மிடம் "ஒண்ணுமில்ல" என்பார்கள். நீயுமா?

உன் கல்யாணத்துக்கு என் காதை எத்தனை மாதம் மடித்து வைக்க வேண்டும் என்று தெளிவாக எழுது.

அகல்யா


மேனாம்பேடு
21.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மெஷின் நலமா? நான் எழுதியது உனக்கு வலித்திருக்கும். அதனால்தான் பதில் இல்லை என்று நினைக்கிறேன். மன்னித்துக்கொள்.

லிசனிங் டெஸ்ட் முடிந்தது. மெஷின் மேல் ஹெட்ஃபோனை வைத்ததும் விசில் அடித்தது. உனக்குத் தெரியும், நமக்கு மட்டும் கேட்காத அந்த விசில். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அஸ்வின் என்று ஒருத்தன், "எவன்டா குக்கர் வெச்சது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெதுவாகக் கையை விட்டு மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். எதிரில் இருந்த பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. பக்கத்தில் இருந்தவள் எழுதும்போது நானும் பேனாவை அசைத்தேன். என் பெயரைத் தவிர தாளில் எதுவும் இல்லை.

லேப் நடத்துகிற ஸ்வாதி மேடம் வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். என்ன கேட்டார் என்று இன்றுவரை தெரியாது.

மனுவை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். கையெழுத்து வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நிம்மதி, முகத்தில் தெரிந்தது. அரியர் வந்தால் எழுதிக்கொள்கிறேன். உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். உன் மேல் கோபம் இல்லை, அக்கா. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்புடன்,
அகல்யா


ஓசூர்
5.10.2025

அன்புத் தங்கச்சி அகல்யாவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய்.

உன் முந்தைய கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருந்தது? நீ சொன்னது எல்லாம் நிஜம். எனக்கு இருபத்தாறு வயது. எட்டுப் பேர் ரூமில் என் இடம் ஒரு பாய் அகலம். எனக்கென்று ஒரு கதவு, ஒரு அடுப்பு வேண்டும் என்று தோன்றாதா? தேவராஜ் போட்டோவில் நல்லவனாகத் தெரிந்தான். நம் ஆசைக்கு ஒரு சின்னப் பொய் போதும் என்று அம்மா சொன்னாள். உன் ஒரு செமஸ்டர் போனால் என்ன என்று நானும் நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் உன் கடைசிக் கடிதத்தில் இருந்த அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை.

எனக்குப் படிப்பு ஏறவில்லை என்பது பொய். இரண்டாம் வருடத்தில் ஒரு சின்ன ப்ராஜெக்ட். கடையில் பில் போடுகிற மாதிரி ஒரு ப்ரோகிராம், நானே செய்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்தேன். வைவாவில் கேள்வி கேட்க வெளிக் கல்லூரியில் இருந்து ஒருவர் வந்தார். உதடே தெரியாத மீசை. ப்ராஜெக்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்கிறார் என்று முகத்தை வைத்துப் புரிந்துகொண்டேன். ஏதோ கேட்டார். நான் சிரித்துக்கொண்டே "எஸ் சார்" என்றேன். மறுபடி கேட்டார். "எஸ் சார்." மூன்றாவது முறை தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளியே வந்த பிறகுதான் உள்ளே இருந்த தோழி சொன்னாள். அவர் கேட்டது இது: "இத நீ செய்யலதானே? வெளிய காசு குடுத்து வாங்கினதா?"

ஏமாற்று என்று எழுதி அந்தப் பேப்பரை ரத்து செய்தார்கள். வீட்டில் இருந்து ஆளைக் கூட்டி வரச் சொன்னார்கள். 'சார், எனக்குக் காது கேட்காது, கேள்வி விளங்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் ஓட்டியிருந்தேன். அது தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தேன், ஏமாற்றுக்காரி என்ற பெயருக்கு அல்ல. மறுநாளில் இருந்து போகவில்லை.

பீரோவில் இருந்து மனுவை எடு. தீபாவளிக்கு வருகிறேன். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன்.

பானு அக்கா


மேனாம்பேடு
9.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறாள். அதுதான் எனக்குத் தண்டனை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீ பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதுகிறேன். அன்றைக்கு நீ அப்பாவுக்குப் பதில் சொல்லும்போது வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதனால் அவர் முகத்தை நீ பார்த்திருக்கமாட்டாய். "உன் கல்யாணத்துக்காகத்தாம்மா" என்று அவர் இழுத்தபோது நீ சொன்னாயே, "சித்தப்பா, என் கல்யாணம் நிக்கிறதுன்னா அவ காதால நிக்காது, என் காதாலதான் நிக்கும்" என்று. அப்போது அவர் தாடை மட்டும் ஆடியது. மறுநாள் காலை நான் தூங்கி எழுந்தபோது மனு தலைமாட்டில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தார். பேனாவையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

ஹேமநாதன் இந்த முறை முழுதும் படித்தார். அடையாள அட்டையில் இருந்த அப்பா பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முடியை ஒதுக்கி மெஷினைக் காட்டினேன்.

"மேனாம்பேட்டு சம்பந்தம் பொண்ணா நீ? பானுப்பிரியா உனுக்கு இன்னா வேணும்?"

"அக்கா."

"அந்தப் பொண்ணுக்கும் இப்டித்தானா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது. தலையாட்டியிருக்கலாம், இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். "அவங்ககிட்டயே கேளுங்க சார். உங்க முகத்தப் பாத்துப் பதில் சொல்வாங்க" என்றேன். சீல் போட்டார். கொஞ்சம் அழுத்தியே போட்டார்.

மழை லீவால் டெஸ்ட் டிசம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. துறைத் தலைவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

உனக்கு நான் செய்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை, அக்கா.

அன்புடன்,
அகல்யா


ஓசூர்
23.11.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். மெஷினும் நலம். சித்தி பேசுகிறாளா?

போன ஞாயிறு திருமுல்லைவாயிலுக்கு, அம்மா வீட்டுக்கு, வந்திருந்தேன். உன்னைப் பார்க்க நேரமில்லை, இரவே திரும்பிவிட்டேன். அவர்கள் வந்தார்கள். தேவராஜ், அவன் அம்மா, உன் ஹேமநாதன். அம்மா காபி கொடுக்கும்போதே கண்ணால் கெஞ்சினாள். நான் உட்கார்ந்தேன். "எனக்கு ரெண்டு காதும் கேக்காது. மெஷின் போட்டா, எதிர்ல உக்காந்து பேசினா, புரியும். அகல்யாவுக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன். தேவராஜின் அம்மா தட்டில் இருந்த பஜ்ஜியை எடுத்துத் திரும்ப வைத்தார். ஹேமநாதன் எழுந்து வெளியே போய் ஃபோன் பேசினார்.

தேவராஜ் எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்து எனக்கு நேராகப் போட்டுக்கொண்டான். யாரும் சொல்லித் தரவில்லை, அகல்யா, அவனாகவே போட்டுக்கொண்டான்.

"ராத்திரி அதக் கழட்டிடுவீங்களா?" என்றான்.

"ஆமா."

"அப்ப நான் கூப்ட்டா?"

"தொட்டுதான் எழுப்பணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவனுக்குக் காது சிவந்துவிட்டது. இருவரும் சிரித்துவிட்டோம். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு அம்மாக்களும் சிரிக்கவில்லை.

கலந்து பேசிவிட்டுப் பதிலை ஃபோனில் சொல்கிறார்களாம். அப்பா இல்லாத வீடு என்பதால் சித்தப்பா நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நீ டெஸ்டை எழுது.

பானு அக்கா


மேனாம்பேடு
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா இப்போது நேராகப் பார்த்தே திட்டுகிறாள், அதனால் அவளும் நலம்.

டெஸ்ட் எழுதிவிட்டேன். துறைத் தலைவர் அனுமதி கொடுத்தார். கொடுத்ததை லேப் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்: "இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காது! அதனால இவளுக்குப் பேப்பர்!" கத்தினால் எனக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தார் போல. எனக்குக் கேட்டதோ இல்லையோ, பார்க்கிங் வரை கேட்டிருக்கும். ஸ்வாதி மேடம் அச்சடித்த தாளைக் கொடுத்தார். "அன்னிக்கே ஏதாவது பிரச்சனையான்னு கேட்டேனே, இல்லங்கற மாதிரி தலையாட்டினியேமா" என்றார். தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ரயில் நிலையத்தில் இருவர் பேசிக்கொள்ளும் பகுதி. முழுதும் எழுதினேன். வெளியே வந்ததும் அஸ்வின், "உனக்கு ஜாலி, பாத்தே எழுதிட்ட" என்றான். மெஷினைக் கழற்றி நீட்டினேன். "இந்தா மச்சான், மாத்திக்கலாம்." வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் இந்த அனுமதி இந்த செமஸ்டருக்கு மட்டும்தான். அடுத்ததற்குப் புது மனு, புது நகல், புதுக் கையெழுத்து. என் காது விடுமுறையில் சரியாகிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

எழுத வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறேன் பார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பாவுக்கு ஃபோன் வந்தது. நான் எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "சொல்லுங்க" என்றார். "சரிங்க" என்றார். அப்புறம், "பையன் இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். அதற்கு அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஃபோனை வைத்துவிட்டு அம்மாவிடம், "ஜாதகம் பொருந்தலியாம்" என்றார். நான் என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

நான் விடவில்லை. அவர் மோவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். சின்ன வயதுக்குப் பிறகு அவரை அப்படிப் பிடித்ததே இல்லை. சொன்னார். ஜாதகம் இல்லை. காதுதான். பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி அந்த அம்மாவுக்குப் பயமாம். தேவராஜ் இரண்டு நாள் சாப்பிடாமல் சண்டை போட்டானாம். அப்புறம் சாப்பிட்டுவிட்டானாம்.

"பானுகிட்ட ஜாதகம்னே சொல்லிடலாமா?" என்று அப்பா கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றேன். பெரியம்மா உன்னிடம் ஜாதகம் என்றுதான் சொல்வாள். தலையாட்டிவிடாதே. அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், அக்கா. காரணம் நம் காது.

அடுத்த வாரம் லீவு. முதல் பஸ்ஸில் ஓசூருக்கு வருகிறேன். ரூமில் இன்னொரு பாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு வை.

அதுவரை, அழுவதாக இருந்தால் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு அழு. படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் நேராகக் காதுக்குள்தான் போகிறது. இந்த வாரம்தான் எனக்கே தெரிந்தது.

உன் தங்கை,
அகல்யா